கோடைக்காலத்தில் புழக்கடைப் பூஞ்செடியும் கோழியும்

சித்திரை, வைகாசி மாதங்கள் குடியானவர்களுக்குக் கைச்செலவுக்குத் திண்டாட்டமான மாதங்களாகும். நெல்லும் மணிலாக்கொட்டையும் விலையாகி, வந்த பணத்தில் பெரும்பகுதி பழைய பாக்கிகளுக்குச் சென்றுவிட்டிருக்கும். கிணற்றில் ஜலம் அடிமட்டத்தில் நிற்கும். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கலியாணங்களும் ஊர்த் திருவிழாக்களும் இக்காலத்திலேயே வருகின்றன. இவை முடிந்ததும் பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகளுக்குப் புத்தகமும் உடையும் வாங்கவேண்டிய செலவு வந்து சேருகின்றது. வரவு குறைந்த மாதங்களிலேயே செலவு மிகுந்திருப்பதால், சில்லறைக் கடன்கள் பிறப்பதும் பெரும்பாலும் இப்பொழுதுதான். அக்கடன் சிறிதாக இருப்பதால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வட்டி வளர்ந்த பின்னரே அதன் பாரம் தெரியவருகின்றது.

இத்தகைய காலத்திலும் வீட்டிலே அன்றாடம் நாலு காசு தரக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, புழக்கடையில் நிற்கும் மல்லிகை, கனகாம்பரம் முதலிய பூஞ்செடிகள். மற்றொன்று, அவற்றின் நிழலிலே மேயும் நாட்டுக்கோழிகள். இவ்விரண்டையும் கோடையில் காப்பாற்றுவது எப்படி என்பதையும், அதில் வீட்டார் தாமே செய்துகொள்ளக்கூடியது எவ்வளவு, ஊரார் ஒன்றுகூடியன்றிச் செய்ய முடியாதது எவ்வளவு என்பதையும் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

தளவானூர்ப் பக்கத்துக் கோடை

விழுப்புரம் ஜில்லா, செஞ்சித் தாலூகாவைச் சேர்ந்த தளவானூர் ஒரு பழைய ஊர். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்குள்ள குன்றைக் குடைந்து சத்ருமல்லேசுவரம் என்னும் சிவாலயத்தை அமைத்தான். அங்கே பொறிக்கப்பட்டுள்ள தமிழ்ப் பாடல் அவனைத் தொண்டைமாலை அணிந்த வேந்தனென்று கூறுகின்றது. மலரைத் தொடுப்பதும் சூடுவதும் இந்நாட்டில் எவ்வளவு தொன்மையான வழக்கம் என்பதற்கு இக்கல்லே சாட்சி.

அக்குகைக் கோயிலைத் தந்த பாறைகளே இப்பக்கத்தின் கோடையைக் கடுமையாக்குகின்றன. பகலெல்லாம் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்த பின்னும் வெகுநேரம் அனலை வீசிக்கொண்டிருக்கும். மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்துவிடுகிறது. மே மாதம் முதல் வாரத்தில் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தின்போது மேய்ச்சல் தரையில் பசும்புல் காண்பது அரிது. ஆகவே இங்கே புழக்கடையின் கோடைப் பராமரிப்பு என்பது ஜலத்தையும் நிழலையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் சாமர்த்தியமேயாகும்.

ஒரு குடம் ஜலத்தை இருமுறை பயன்படுத்துதல்

பூஞ்செடிக்கென்று தனியாகக் கிணற்று ஜலம் இறைக்க வேண்டுமென்றால் கோடையில் அது ஆகாத காரியம். ஆனால் அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், குளித்த நீர் ஆகியவை ஒவ்வொரு வீட்டிலும் தினந்தோறும் வீணாக வாசலிலும் சந்திலும் தேங்கிக் கொசுவை வளர்க்கின்றன. இவற்றை ஒரு சிறு வாய்க்கால் மூலம் புழக்கடைக்குத் திருப்பிவிட்டால் பத்துப் பதினைந்து செடிகளைக் காப்பாற்றலாம். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்கு நேராகப் போகலாம். சவர்க்காரம் மிகுதியாகக் கலந்த நீரை மல்லிகையின் வேரில் விடலாகாது. மண்ணில் உவர் ஏறும். அதை முதலில் கல்வாழை அல்லது வாழை நட்ட குழியில் விட்டுவிடுவதே நலம்.

ஊற்றிய நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது ஊற்றுவதைப் போலவே முக்கியமானது. செடியின் தூரைச் சுற்றிக் காய்ந்த சருகையோ, கரும்புத் தோகையையோ பரப்பவேண்டும். தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலாக இருக்கும்படி செடியைச் சுற்றிப் புதைத்தால், அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். உடைந்தும் உடையாததுமான பழைய மண்பானையின் அடியில் சிறு துவாரமிட்டுத் துணித்திரி செருகிச் செடியருகே கழுத்தளவு புதைத்து, வாயை மூடி வைப்பதும் நல்ல முறை. நீரை மாலையிலோ விடியலுக்கு முன்னரோ ஊற்றவேண்டும். நடுப்பகலில் ஊற்றும் நீரில் பெரும்பங்கு சூரியனுக்கே சேரும்.

கோழிக்கு உஷ்ணம் ஏன் பொறுப்பதில்லை

மனிதருக்கும் மாட்டுக்கும் வியர்வை உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடலின் இயல்பான உஷ்ணமே ஏறக்குறைய 41 டிகிரி சென்டிகிரேடு. வெளியே காற்றின் உஷ்ணமும் 40 டிகிரியை நெருங்கும்போது, உடற்சூட்டைக் காற்றில் இறக்கிவிட வழியின்றிக் கோழி வாயைத் திறந்து மேல்மூச்சு வாங்குகின்றது. இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொள்கின்றது. இவ்வாறு இளைப்பதனால் நுரையீரல் வழியே ஜலம் ஆவியாகி உடல் குளிர்கின்றது. ஆனால் அதே மூச்சுடன் கரியமில வாயுவும் மிகுதியாக வெளியேறுவதால், முட்டையோடு உண்டாவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து சரிவரக் கூடுவதில்லை. கோடையில் முட்டையோடு மெலிந்து, கூடையில் வைக்கும்போதே நொறுங்குவதற்கு இதுவே காரணம். தீனியும் குறைந்துவிடுவதால் முட்டையின் எண்ணிக்கையும் பருமனும் குறைகின்றன.

இதற்குச் செய்யவேண்டியவை எளியனவே.

முதலாவது ஜலம். சாதாரண நாட்களில் கோழி தான் தின்னும் தீனியின் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு நீர் குடிக்கும். கடுங்கோடையில் அது மேலும் இருமடங்காகக் கூடும். தகரப் பாத்திரத்தில் வைத்த நீர் சுட்டுப்போவதால் கோழி அதைத் தொடாது. அகன்ற மண்சட்டியில், நிழலில், நாளைக்கு மூன்று முறை மாற்றி வைக்கவேண்டும். மண்சட்டியின் புறத்தே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும்.

இரண்டாவது தீனி வேளை. தின்ற தானியம் சீரணமாகும்போது உடலில் சூடு உண்டாகின்றது. ஆகையால் கம்பு, கேழ்வரகு, நொய் முதலிய தானியங்களை விடியற்காலையிலும், வெயில் தாழ்ந்த பின்னரும் மட்டுமே இடவேண்டும். நடுப்பகலில் கீரைத்தண்டு, முருங்கைக்கீரை, வெள்ளரித்தோல் போன்றவை போதும்.

மூன்றாவது கூடு. கூண்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் உள்ளே பாய்வது குறையும். ஓடோ தகரமோ வேய்ந்த கூண்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பவேண்டும். மேற்புறம் சுண்ணாம்பு அடித்தாலும் உஷ்ணம் குறையும். இராக்காலத்தில் பஞ்சாரத்தினுள் பத்துக் கோழிகளை அடைத்து மூடிவிடுவது கோடையில் ஆபத்து. காற்றோட்டமுள்ள, கீரியும் பூனையும் நுழையாத கூண்டே வேண்டும். அருகில் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால், கோழிகள் அதில் புரண்டு பேனையும் செல்லையும் தாமே உதறிக்கொள்ளும்.

குஞ்சுகளுக்குக் கறையான் மிக நல்ல ஆகாரம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, உலர்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் அதில் கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளின் முன் அதைத் தட்டிவிடலாம். வீட்டுக் கூரை, கதவு, நிலை முதலியவற்றிற்குத் தூரமான இடத்திலேயே இதைச் செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோடை முட்டை

நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடுவதில்லை. சில வாரங்கள் இட்டபின் அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஆகவே இட்ட ஒவ்வொரு முட்டையையும் கெடாமல் காப்பது லாபத்தில் முக்கிய பாகமாகும். சேவல் கூடிய முட்டையினுள் கரு, சுமார் 21 டிகிரி உஷ்ணத்துக்கு மேலேயே மெல்ல வளரத் தொடங்குகின்றது. நமது கோடையில் வீட்டின் உள்ளறையிலும் அதற்கு அதிகமான உஷ்ணம் இருப்பதால், கோழி உட்காருவதற்கு முன்னமே கரு அரைகுறையாக வளர்ந்து மாண்டுபோகின்றது. அடைவைத்த முட்டைகளில் பல கூமுட்டையாவதன் காரணம் இதுதான். ராசி என்றும் கண்ணேறு என்றும் சொல்வதில் பயனில்லை.

அகன்ற சட்டியில் மணலை நிரப்பி, நீர் தெளித்து ஈரமாக்கி, அதன்மேல் சாக்கை விரித்து, முட்டைகளை அதன்மேல் வைத்து, மெல்லிய துணியால் மூடி, காற்றோட்டமான மூலையில் வைக்கவேண்டும். மணலில் காலையும் மாலையும் நீர் தெளிக்கவேண்டும். முட்டையின்மேல் நீர் படலாகாது. அடைவைக்கும் முட்டைகள் கோடையில் மூன்று நான்கு நாட்களுக்கு மேற்பட்டவையாக இருக்கக்கூடாது. ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் போதும். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் உயிருள்ள முட்டையில் செந்நரம்புகள் தெரியும், தெரியாதவற்றை நீக்கிவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரியும்.

விற்பனைக்கோ உணவுக்கோ மட்டும் முட்டை வேண்டுவோர் கோடையில் சேவலைப் பிரித்து வைத்தால், கருவில்லாத முட்டை பல நாள் கெடாதிருக்கும். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும். முட்டை முழுவதையும் விற்றுவிட வேண்டுமென்பதும் இல்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 5 முதல் 6 கிராம் வரை புரதம் இருக்கின்றது. வளரும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுத்த முட்டை நஷ்டக் கணக்கில் சேராது. வரவுக் கணக்கிலேயே எழுதப்பட வேண்டியது.

மல்லிகையும் கனகாம்பரமும்

குண்டுமல்லிகைக்குக் கோடையே பருவம். பங்குனி முதல் ஆனி வரை மொட்டுக்கள் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு வேண்டிய வேலை குளிர்காலத்திலேயே தொடங்குகின்றது. நவம்பர் மாதக் கடைசியில் செடிகளைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழ உயரத்தில் வெட்டிவிட்டு, நோயுற்ற கிளைகளைக் களைந்து, மட்கிய எரு இடவேண்டும். வெட்டாத செடி இலையாக வளருமேயன்றி மொட்டாகக் காய்க்காது. புதிதாக நடுவோர் கோடையில் நடாமல், ஜூன் முதல் நவம்பருக்குள், செடிக்குச் செடி நாலடி இடைவெளி விட்டு நடவேண்டும்.

மொட்டுக்களைப் பொழுது விடிவதற்கு முன், நன்கு முற்றி விரியாதிருக்கும் நிலையில் பறிக்கவேண்டும். வெயில் ஏறிப் பறித்தால் வாடும். வாழையிலையிலும் ஈரத்துணியிலும் சுற்றி நிழலில் வைக்கவேண்டும். குண்டுமல்லிகை மாலையில் விரியத் தொடங்கிவிடும். விரிந்தபின் மணம் உண்டு, விலை இல்லை.

கனகாம்பரத்தின் இயல்பு வேறு. ஏறக்குறைய 15,000 பூக்கள் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. ஆனால் அது எளிதில் வாடுவதில்லை. ஓரளவு நிழலிலும் வளரும். ஆகையால் முருங்கை, அகத்தி ஆகியவற்றின் அடியில் அதை வைக்கலாம். மல்லிகையின் விலை முகூர்த்த நாளில் ஏறி மறுநாள் விழும்; அப்பொழுது கைகொடுப்பது கனகாம்பரமே. இரண்டும் கலந்து வைத்திருப்பதே சிறு குடும்பத்துக்குப் பத்திரமானது.

அரளி நீரின்றியும் நிற்கும். பூசைக்கும் மாலைக்கும் விலையாகும். எனினும் அதன் இலை, பட்டை, வேர் யாவும் நஞ்சு. ஆடுமாடுகள் கட்டும் இடத்திலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் அதை வைக்கலாகாது.

கோழிக்கும் செடிக்கும் உள்ள சச்சரவு

கோழி வளர்த்தால் பூச்செடி பிழைக்காது என்று பலர் சொல்லுகின்றனர். இதில் உண்மையில்லாமல் இல்லை. கோடையில் புழக்கடை முழுவதும் இறுகிக் கிடக்க, நீர் ஊற்றிய செடியின் தூர் மட்டுமே ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். கோழி அங்கேதான் கிளறும். அங்கேதான் குழிபறித்துப் படுக்கும். வேர் வெளிப்பட்டுச் செடி இரண்டு நாளில் காய்ந்துவிடும். இதனால் மாமியாருக்கும் மருமகளுக்கும், அடுத்த வீட்டாருக்கும் நமக்கும் சண்டை வந்து, ஒன்று கோழி சந்தைக்குப் போகும். அல்லது செடி அடுப்புக்குப் போகும்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உதவுவனவும் ஆகும் என்பதை அறிந்தால், இப்படிச் செய்ய மாட்டார்கள். மல்லிகை மொட்டைக் கெடுத்துச் செந்நிறமாக்கும் சிறு ஈயின் புழுக்கள், மொட்டிலிருந்து மண்ணில் விழுந்து அங்கேயே கூட்டுப்புழுவாகின்றன. சருகைக் கிளறும் கோழி அவற்றைப் பொறுக்கித் தின்றுவிடும். கோழி எச்சமோ சாதாரணத் தொழுவுரத்தைவிட ஐந்தாறு மடங்கு தழைச்சத்து உடையது. ஆனால் பச்சையாக இட்டால் வேர் வெந்துபோகும். சருகும் மண்ணும் கலந்து குழியில் இட்டு, இரண்டு மூன்று மாதம் மட்கவைத்து, செடி வெட்டும் காலத்தில் இடவேண்டும்.

ஆகவே வேண்டியது வேளையும் எல்லையும் வகுப்பதேயாகும். செடியின் தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தட்டையான கற்களையோ, மட்டைகளையோ நெருக்கமாக அடுக்கிவிட்டால் கோழியால் வேரைக் கிளற முடியாது. நமது பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பூம்பாத்தியைச் சுற்றிக் கிளுவையோ நொச்சியோ வேலியாக வைத்து, மாலையில் நீர் ஊற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் மட்டும் கோழிகளை உள்ளே விடலாம். கோழிகளுக்கென்று வேறோர் மூலையில், நிழலில், மண்ணைக் கொத்தி நீர் தெளித்து வைத்தால், அவை படுக்க அங்கேயே போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால், மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் கழியும்வரை அப்பாத்திக்குள் கோழியை விடலாகாது. கோடையில் தோன்றும் செஞ்சிலந்திக்கு முதலில் இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீச்சியடித்துப் பார்ப்பதே நல்லது. அதற்கு அடங்காவிட்டால்தான் மருந்து.

தனி வீட்டால் ஆகாத இரண்டு காரியங்கள்

இதுவரை சொன்னவை யாவும் ஒவ்வொரு வீட்டாரும் தாமே செய்துகொள்ளக்கூடியவை. ஆனால் இவ்வளவும் செய்த வீட்டிலும் ஒரே வாரத்தில் கூடு காலியாவதைக் காண்கிறோம். விடியுமுன் எழுந்து பறித்த பூ பாதி விலைக்குப் போவதையும் காண்கிறோம். இவ்விரு நஷ்டங்களும் வீட்டின் அஜாக்கிரதையால் வருவன அல்ல. ஒன்று ஊரிலிருந்து வருகின்ற நோய். மற்றொன்று சந்தையிலிருந்து வருகின்ற விலை.

முதலில் நோயை எடுத்துக்கொள்வோம். கோழிக் கழிச்சல், வெள்ளைக் கழிச்சல் என்று நாம் கூறும் நோய் 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகேயும் ஜாவாத் தீவிலும் கண்டறியப்பட்டது. 1927-இல் நமது தேசத்தில் குமாவும் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டதால் ராணிக்கெட்டு நோய் என்று பெயர் பெற்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இரைக்கும், இறக்கை தொங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பு மருந்து போடாத கோழிகளில் ஏறக்குறைய எல்லாமே மாண்டுபோகக் கூடும். வந்தபின் இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வராமல் தடுக்கும் மருந்தோ, முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் தயாரித்தது முதல் நம் நாட்டில் இருந்துவருகின்றது. குஞ்சு பொரித்த ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டு வாரத்துக்குப் பின் இறக்கையடியில் தோலின்கீழ் ஊசியும் போடவேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையார் கோடைக்கு முன், பிப்ரவரி மாதத்தில், இதற்கென்று கிராமங்களில் இருவார முகாம் நடத்துவது வழக்கம்.

அப்படியிருந்தும் கோழிகள் சாவதேன்? இம்மருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட வேண்டியது. நூறு கோழிகளுக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ ஆன மருந்து ஒரே குப்பியில் அடைத்துள்ளது. கரைத்தபின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும், மிஞ்சியது பயனற்றது. ஆறு கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டார் இதை எவ்வாறு தனியாக வாங்கிப் பயன்படுத்த முடியும்? ஆனால் ஒரு தெருவில் இருபது வீடு சேர்ந்தால் 120 கோழிகள். குப்பியும் வீணாகாது, கோழியும் சாகாது. பகலில் கோழிகள் மேயப் போய்விடுமாதலால், முதல்நாள் இரவே எல்லோரும் கூண்டைப் பூட்டி வைத்து, விடியற்காலையில் ஒரே சமயத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் தடுப்பு மருந்து நன்றாகப் பிடிக்கும்.

மற்றொரு வழக்கத்தையும் இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கூட்டில் ஒரு கோழி சுணங்கியவுடனே, மீதியாவது காசாகட்டும் என்று மற்றவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடுகிறோம். அவற்றோடு நோயும் விலையாகி அடுத்த ஊர் போகின்றது. நாளைக்கு அவ்வூரார் செய்யும் அதே காரியத்தால் நம் ஊருக்குத் திரும்பி வருகின்றது. செத்த கோழியை ஏரிக்கரையில் எறிவதும் இத்தகையதே. ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். புதிதாக வாங்கிவந்த கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டிவைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். என் கோழி, என் இஷ்டம் என்பது இவ்விஷயத்தில் செல்லாது.

இனி விலை. அரைக் கிலோ மொட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ போனால் அரைநாள் வேலை கெடும். சாதாரண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் 2021-ஆம் ஆண்டு முதல் உண்டாயினும், போகும் நேரத்துக்குக் கூலி கொடுப்பார் யார்? ஆகவே வாசலுக்கு வரும் தரகர் சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம். மொட்டு மாலைக்குள் விரிந்துவிடும் என்பதை அவரும் அறிவார். நம்மால் காத்திருக்க முடியாது என்பதே அவருடைய பலம். பூ மண்டிகளில் முன்பணம் வாங்கியிருந்தாலோ சொல்லவே வேண்டாம். கழிவும் கொடுத்து, வேறிடத்தில் விற்கும் சுதந்தரத்தையும் இழக்கிறோம். இருபது வீட்டுப் பூ ஒரே கூடையில், ஒரே எடைக்கல்லில், ஒருவர் பொறுப்பில் போனால், இரண்டு மண்டிகளில் விலை கேட்க முடியும். கலியாண வீட்டாரிடமும் கோயில்களிலும் முன்னதாகவே பேசிவைக்கவும் முடியும்.

முன்னோர் செய்து காட்டியவை

இது புதிய யோசனையன்று. சென்னை மாகாணத்து அதிகாரியாயிருந்த பிரெடெரிக் நிக்கல்சன், ஜெர்மனி தேசத்தில் ரைஃபைசன் என்பார் ஏற்படுத்திய கிராம நாணய சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் தம் அறிக்கைகளை வெளியிட்டார். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் இம்மாகாணத்தில் முதலாவதாகப் பதிவான கிராமச் சங்கம் அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் தோன்றியது. ஒருவரையொருவர் அறிந்த அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் பொறுப்பாயிருந்தால், தனியே எவருக்கும் கிடைக்காத நாணயம் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதே இவற்றின் தத்துவம். பணத்துக்கு ஒத்த இத்தத்துவம் முட்டைக்கும் பூவுக்கும் ஒவ்வாதா?

ஒத்தது என்பதற்கு மார்த்தாண்டமே அத்தாட்சி. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 முதல் கன்னியாகுமரி ஜில்லாவில் அடங்கிய அவ்வூரில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் ஒரு கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்தினார். பெரிய மூலதனமின்றி ஏழைக் குடும்பங்கள் தம் புழக்கடையிலேயே செய்யக்கூடிய கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலியவற்றைக் கற்பித்ததோடு நில்லாமல், முட்டைகளைக் கூட்டாகச் சேர்த்து விற்கவும் அவர் ஏற்பாடு செய்தார். உற்பத்தியைக் கற்பித்து விற்பனையைக் கைவிட்டால் அம்முயற்சி நிலைக்காது என்பதே அந்நிலையம் தந்த பாடம்.

பெரும் பண்ணைக்காரருக்கும் இது பொருந்தியது. வியாபாரிகள் குறித்த விலைக்கே முட்டையைக் கொடுக்க நேர்ந்த பண்ணையாளர்கள், 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்து, விலையைத் தாமே அறிவிக்கத் தொடங்கினர். ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருந்தவர்களுக்கே ஒற்றுமை தேவைப்பட்டதென்றால், ஆறு கோழி வைத்திருக்கும் நமக்குச் சொல்லவேண்டுவதென்ன?

சங்கம் செய்யவேண்டியவை

கூரையேறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானமேறி வைகுந்தம் போவானா என்பது பழமொழி. பெரிய திட்டங்களைப் பேசுவதற்கு முன், பின்வரும் சிறு காரியங்களை அங்கத்தினர்கள் தம் சங்கக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யலாம்.

1. தை மாதத்தில் தெருவாரியாகக் கோழிகளைக் கணக்கெடுத்து, கால்நடை மருந்தகத்தாரிடம் எழுத்து மூலம் கொடுத்து, முகாமுக்கு நாள் கேட்டல். முகாமுக்குப் பின் பொரிக்கும் குஞ்சுகளுக்காக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாளை ஊருக்குப் பொதுவாகக் குறித்தல்.

2. பனிக்கட்டிப் பெட்டி ஒன்றைப் பொதுவாக வாங்குதல். மருந்து கொண்டுவரும் நாளில் மருந்துக்கும், மற்ற நாட்களில் நன்றாகக் கழுவி மொட்டுக்கும் அதுவே உதவும்.

3. கோழி சுணங்கினால் விற்காமல் அன்றே தெருப் பொறுப்பாளருக்குத் தெரிவிப்பதென்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுதல்.

4. பூ விற்கும் வீட்டார் சிறு குழுவாகச் சேர்ந்து, முறைவைத்து ஒருவர் சந்தைக்குப் போதல். எடையையும் விலையையும் நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே, எல்லோரும் பார்க்கும்படி எழுதுதல். போகிறவருக்கு நியாயமான கூலியை முதலிலேயே நிர்ணயித்தல். கூட்டுக் காரியங்கள் கெடுவது பணம் இல்லாமையால் அல்ல, கணக்கு இல்லாமையால்தான்.

5. மண்டியில் முன்பணம் வாங்குவதற்குப் பதிலாகச் சங்கத்தில் கடன் கேட்டல். கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் விரிவாக்கப்பட்டுள்ளது. எனினும் ஆறு கோழிக்கும் பத்துச் செடிக்கும் கடன் தேவையில்லை. ஒரு வருஷம் கணக்கு வைத்துப் பார்த்து, நோய்த் தடுப்பும் விற்பனையும் ஒழுங்குபட்ட பின்னரே, கடன் வாங்கிப் பெருக்குவதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

6. பூவும் முட்டையும் விற்ற பணத்தை வீட்டு ஸ்திரீகளின் பெயரிலேயே சேமிப்புக் கணக்கில் கட்டுதல். விடியுமுன் எழுந்து மொட்டுப் பறிப்பவரும், கூண்டைத் திறந்து மூடுபவரும் பெரும்பாலும் அவர்களே. உழைத்தவர் கையில் கணக்குப் புத்தகம் இருக்கும்வரை அத்தொழில் கைவிடப்படாது. ஸ்திரீகளைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்க்காத குடும்பங்கள் இவ்வருஷமே சேர்ப்பது உசிதம்.

இவற்றால் எவரும் தனவந்தராகிவிடப் போவதில்லை. புழக்கடை, நிலத்தின் வருமானத்துக்கு ஈடாகாது. ஆனால் வைகாசி மாதத்தில் பள்ளிக்கூடச் செலவுக்கென்று கைமாற்று வாங்கும் குடும்பம், அதை வாங்காமலிருக்கப் போதுமானது இதில் கிடைக்கக்கூடும். கடன் வாங்காத ஒரு கோடையே பெரிய லாபம். கோழிக்கு நிழலும் செடிக்கு நீரும் ஒவ்வொரு வீட்டாரும் கொடுக்கவேண்டியவை. நோயினின்று காப்பும் சந்தையில் விலையும் ஊரார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டியவை. அடுத்த தை மாதத்துச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் கோழிக் கணக்கெடுப்பை முதல் விஷயமாகச் சேர்க்கும்படி பஞ்சாயத்தார்களையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.